வேந்தனின் சோழி

1994ஆம் ஆண்டு ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஊரிகம் லைன் வீடுகளில், ராஜப்பா வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். எங்கள் கேங்கை நடத்துகிற மேட் ராஜப்பா இரும்புக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாணிக்கராஜ் ஜன்னலுக்குக் கீழே அரிசி டிரம்மின் மேல். வாசற்படியை மறித்துக்கொண்டு ஒரு மரக்கட்டையில் காத்தவராயன். இவன் எங்கள் கேங் இல்லை, தாதுக்கல் அரைக்கிற மில்லில் வேலை செய்கிறவன். பதினெட்டு நாளைக்கு முன்னால் செத்துப்போன ஆறுமுகத்தின் தம்பி. ஆறுமுகத்தின் மனைவி லீலா அடுப்பங்கரைத் திரையை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் பாயில் வேந்தன். எதிர்ச் சுவரோரம் டிரங்குப் பெட்டியின் மேல் நான், வால்டர். என் மடியில் கேங்கின் நோட்டுப் புத்தகம். ராஜப்பாவின் மனைவியை பக்கத்து மைசூர் மைன்ஸ் லைனில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அனுப்பச் சொன்னவன் காத்தவராயன். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பேச வந்தது ஒரே விஷயம். ஆறுமுகம் செத்தது விதியா, வேந்தன் செய்த வேலையா.

எங்கள் வேலை சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுப்பது. முந்தின ஷிப்ட்காரர்கள் வெடி வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, புகை அடங்கியதும் உள்ளே போய், மேல்பாறை விழாதபடி நாங்கள் மரம் நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் ஒருவன் மட்டும் கடப்பாரையோடு தனியே போய் மேல்பாறையைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் பாறை உறுதி. பழைய தகரத்தைத் தட்டியதுபோல் கேட்டால் உள்ளே பிளந்து தொங்குகிறது என்று அர்த்தம். அதை நெம்பி விழவைத்துவிட்டு அவன் ஓடிவர வேண்டும்.

சட்டப்படி இது மேட்டின் வேலை. 1988இல் ராஜப்பாவின் வலது தோளில் பாறை விழுந்தது. அதன்பின் அவரால் அந்தக் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போகும். ஆகவே ஆறுமுகம், மாணிக்கராஜ், வேந்தன், நான் ஆகிய நாலு பேரும் அவருக்குப் பதிலாக முறை வைத்துப் போனோம். முறை வருகிற அன்றைக்கு ஒருவனுக்குக் காய்ச்சல் வரும்; இன்னொருவனுக்கு மாமியார் செத்துப்போவாள். மாணிக்கராஜுக்கு ஒரே வருடத்தில் மூன்று மாமியார் செத்தார்கள். அதனால்தான் சோழிக்கு மாறினோம்.

ராஜப்பாவின் மனைவி தாயம் ஆடுகிற சோழிகளில் நான்கை எடுத்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டோம். வழவழவென்று முட்டை வடிவில், முதுகில் ஆரஞ்சு நிற வளையம் போட்ட சோழிகள். அவரவர் அடையாளத்துக்கு ஒரு புள்ளி பெயின்ட். கேஜை விட்டு இறங்கியதும் நாலையும் ராஜப்பா தன் தொப்பியில் போட்டுக் குலுக்கிப் பலகையில் கொட்டுவார். எவன் சோழி வாய் மேலாக விழுகிறதோ அவன் போக வேண்டும். இரண்டு பேருடையது வாய் திறந்தால் அவை இரண்டையும் மறுபடி போடுவது. ஒன்றுமே திறக்காவிட்டால் நாலையும் போடுவது. போனவன் பெயரைத் தேதியோடு நான் நோட்டில் எழுதிவைப்பேன். சண்டை வராமல் இருக்க அதுவும் ஒரு ஏற்பாடு.

1993 பிப்ரவரியில் வேந்தனின் சோழி கேஜுக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த சந்தில் நழுவி ஷாப்ட் குழிக்குள் போய்விட்டது. முந்தின செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குப் போனபோது நான் கடற்கரைக் கடையில் இரண்டு சோழிகள் வாங்கி வந்திருந்தேன். ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். அது மஞ்சளாக, கொஞ்சம் அகலமாக, ஓரத்தில் முண்டு முண்டாக இருந்தது. நாங்கள் கடலை வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறவர்கள். சோழி என்றால் சோழி.

அதற்குப் பிறகு வேந்தன் அநேகமாக உள்ளே போகவே இல்லை. "என் சோழிக்கு வெக்கம்ணா, வாயே தொறக்காது" என்று சிரிப்பான். "ராசிக்காரப் பையன்டா" என்று ஆறுமுகம் அவன் முதுகில் தட்டிவிட்டுத் தான் போவான்.

ஏப்ரல் 6ஆம் தேதி முதல் தடவை ஒன்றும் திறக்கவில்லை. இரண்டாவது தடவை ஆறுமுகத்தின் சோழி மட்டும் திறந்தது. கடப்பாரைச் சத்தம் நாலு தடவை கணீரென்று கேட்டது. ஐந்தாவது சத்தம் தகரம். "ஓடியாடா" என்று ராஜப்பா கத்துவதற்குள் கட்டில் அகலப் பாறை ஒன்று சத்தமில்லாமல் இறங்கியது. தூசி அடங்கியபோது இடுப்புக்கு மேலே ஆறுமுகம் இல்லை. கால் இரண்டும் மட்டும் வெளியே இருந்தன, பூட்ஸோடு. இடது கால் கொஞ்ச நேரம் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. ஜாக்கி வைத்துப் பாறையைத் தூக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவனை நாங்கள் சாக்கில்தான் மேலே கொண்டுவந்தோம்.

பதினாறாம் நாள் காரியத்தில் மாணிக்கராஜ் குடித்துவிட்டுக் காத்தவராயனிடம் சோழிக் கதையைச் சொல்லிவிட்டான். வெட்கப்படுகிற சோழியையும் சேர்த்து.

"படி வால்டரண்ணா" என்றான் காத்தவராயன். "ஒவ்வொருத்தனும் எத்தினி வாட்டி போனான், படி."

அதுவரை நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. முந்தின இரவுதான் கூட்டினேன். 1993 பிப்ரவரி முதல் மொத்தம் நூற்றெண்பத்திரண்டு தடவை. ஆறுமுகம் அறுபத்து நான்கு. மாணிக்கராஜ் ஐம்பத்தேழு. நான் ஐம்பத்தாறு. வேந்தன் ஐந்து.

ஐந்து என்று சொன்னதும் மாணிக்கராஜ் டிரம்மிலிருந்து இறங்கிவிட்டான்.

"அஞ்சா? டேய், அஞ்சாடா? நான் அம்பத்தேழு வாட்டி ஒண்ணுக்கு முட்டிக்கினு போயிருக்கேன், நீ அஞ்சா?"

"நான் இன்னாணா பண்ணட்டும்? விழுந்தா விழுவுது, விழலன்னா விழல" என்றான் வேந்தன்.

"எடு அத்த" என்றான் காத்தவராயன்.

வேந்தன் சட்டைப் பையிலிருந்து சோழியை எடுத்துப் பாயில் வைத்தான். காத்தவராயன் அதை இரண்டு கைக்குள்ளும் குலுக்கிச் சிமெண்ட் தரையில் போட்டான். கவிழ்ந்து விழுந்தது. மறுபடி போட்டான். கவிழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டே போட்டான். இருபது தடவையில் பத்தொன்பது தடவை கவிழ்ந்தது. பிறகு செத்தவனின் சோழியைத் தன் பையிலிருந்து எடுத்துப் போட்டான். அது பன்னிரண்டு தடவை கவிழ்ந்தது, எட்டு தடவை வாய் திறந்தது.

"ஈயம் ஊத்திக்கிறான்" என்றான் காத்தவராயன். குரலை உயர்த்தவே இல்லை. "வாய்ப்பக்கமா ஈயம் ஊத்தி மேல மெழுகு போட்டுக்கிறான். எங்கண்ணன அறுபத்தி நாலு வாட்டி அனுப்பிட்டு இவன் ஓரமா நின்னு பீடி குடிச்சிக்கினு இருந்தான்."

"ஐயோ, எங்கம்மா மேல சத்தியமா இல்லணா! வால்டரண்ணா, நீங்கதான குடுத்தீங்க? சொல்லுங்கணா!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். "வேளாங்கண்ணியில வாங்கினது. நான் குடுத்தப்ப மத்த சோழி மாதிரிதான் இருந்திச்சி. நான் அதுல எதுவும் வெக்கல."

"கேட்டுக்கினியா" என்றான் காத்தவராயன். "அவரு வெக்கல. அப்ப வெச்சவன் யாரு?"

என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு பேச்சுதான் மற்றதையெல்லாம் செய்தது.

காத்தவராயன் எழுந்து வேந்தனின் முகத்தில் முழங்காலால் இடித்தான். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மாணிக்கராஜ் பின்னாலிருந்து கழுத்தில் கைபோட்டு அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தான். காத்தவராயன் மரக்கட்டைக்குப் பின்னாலிருந்து நாலு பவுண்டு சுத்தியலை எடுத்தபோதுதான், அவன் அதைக் கொண்டுவந்தே உட்கார்ந்திருந்தான் என்று தெரிந்தது. வேந்தனின் வலது கையை இழுத்து, உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சோழியை வைத்து, மணிக்கட்டை மிதித்துக்கொண்டான்.

"இப்போ தெரிஞ்சிடும் உள்ள இன்னா கீதுன்னு."

"காத்தா, வாணாம்பா" என்றார் ராஜப்பா கட்டிலிலிருந்து. எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

முதல் அடியில் வேந்தன் கத்தினான். இரண்டாவது அடியில் கத்தல் நின்று வேறு மாதிரி ஒரு சத்தம் வந்தது, கன்று போடுகிற மாட்டின் சத்தம். மூன்றாவது அடி விரல்களில் விழுந்தது. அதற்கு மேல் நான் எண்ணவில்லை. என் சட்டையில் ரத்தம் தெறித்திருந்ததை வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன்.

காத்தவராயன் கையைப் புரட்டினான். உள்ளங்கைச் சதைக்குள் ஓட்டுச் சில்லுகள் வெள்ளையாகக் குத்திக்கொண்டு நின்றன. அவற்றை விரலால் கிளறிப் பார்த்தான். ஈயம் இல்லை. மெழுகு இல்லை. மணல்கூட இல்லை.

லீலா எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "உள்ள ஒண்ணுமே இல்லியே" என்றாள்.

"எடுத்துட்டான் அண்ணி. அண்ணன் செத்த அன்னிக்கே சுரண்டி எடுத்துட்டான்."

"எடுத்துட்டிருந்தா இப்ப எப்படிப்பா பத்தொம்போது வாட்டி கவுந்துச்சி?"

காத்தவராயன் அவளைப் பார்த்தான், கீழே கிடந்தவனைப் பார்த்தான், பிறகு வேந்தனின் விலாவில் எட்டி உதைத்தான். இன்னும் இரண்டு உதை. மாணிக்கராஜ் முதுகிலிருந்து இறங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

வேந்தனை நானும் ராஜப்பாவும்தான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் ராஜப்பா அவன் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்: "ஏணியிலேர்ந்து விழுந்தேன்னு சொல்லு. உங்கம்மா தனியா கீறாங்க. யோசிச்சிக்கோ." வேந்தன் அப்படியே சொன்னான். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அடிபட்டவனே விழுந்தேன் என்று சொன்னதால் வழக்கு எழவில்லை.

சாயங்காலம் வீட்டில் என் மனைவி ஐடா சட்டையைப் பார்த்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். எதையும் கையில் வாங்கிப் பார்க்காமல் பேசமாட்டாள். "அந்த ரெண்டாவது சோழி எங்க?" என்றாள். டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என்னுடைய வளையச் சோழியையும் வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணுன்னா சொன்னீங்க?"

"சோழிதானே."

"கண்ணு எங்க வெச்சிருந்தீங்க? இது வேற நத்தை, அது வேற நத்தை. ரெண்டும் ஒரே கடல்ல, ஒரே பாறையில மேயுற நத்தைங்க, அவ்ளோதான். எங்க லேப்ல தனித்தனியா லேபிள் ஒட்டி வெச்சிருக்கு. உசுரோட இருக்கிறப்ப இதோட சதை வெளியே வந்து ஓட்டு மேல போர்வை மாதிரி மூடிக்கும், அதான் இந்தப் பளபளப்பு. வளையம் போட்டது முட்டை மாதிரி, உருளும். இந்த மஞ்சளப் பாருங்க. அடி தட்டை, அகலம், ரெண்டு பக்கமும் முண்டு. உருண்டாலும் முண்டு தடுத்துக் கவுந்துக்கும். ஈயம் எதுக்கு? பொறக்கிறப்பவே அப்படி."

போட்டுக் காட்டினாள். கவிழ்ந்தது. என்னையும் போடச் சொன்னாள். முப்பது தடவை போட்டேன். இரண்டு தடவைதான் வாய் திறந்தது.

"மத்த சோழி மாதிரிதான்னு சொன்னீங்களா? அடிக்கக் காத்துக்கினு இருக்கிறவன் முன்னால உக்காந்துக்கினு?"

"தெரியாமச் சொன்னேன்."

"பொடிப்பொடியா அடிக்கிறப்ப உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிருக்குமே. அப்ப எழுந்தீங்களா?"

அவள் எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, சட்டையை வாளியில் ஊறவைக்கப் போனாள்.

திங்கள்கிழமைக்குள் லைன் முழுவதும் வேந்தனுக்கு 'ஈயக்காரன்' என்று பெயர் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை யாரோ அவன் வீட்டின் மேல் கல்லெறிந்தார்கள். ஓடு உடைந்து அவன் அம்மா ரத்தினம்மாவின் தலையில் விழுந்தது. ஏழு தையல். தலையில் கட்டோடு அவள் எங்கள் வாசலில் வந்து நின்று, "எம்புள்ள கொலகாரனா வால்டரு? நீதான்பா எழுதப் படிக்கத் தெரிஞ்சவன், நீ சொல்லு" என்றாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்ததும் இரண்டு சோழிகளையும் எடுத்துக்கொண்டு பாலகாட் சுரங்கத்து லைனில் இருக்கும் லீலாவின் வீட்டுக்குப் போனேன். காத்தவராயன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லீலா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் அவன் தட்டுக்கு முன்னால் மஞ்சள் சோழியைப் போட்டேன். எடுத்துப் போட்டேன். மறுபடி போட்டேன்.

"இது வேந்தன் தொடவே தொடாத சோழி. அதோட சேத்து வாங்கின அன்னிலேர்ந்து என் வீட்டு டப்பாவுல கீது. எடுத்துப் போட்டுப் பாரு."

அவன் எச்சில் கையோடு போட்டான். பத்துத் தடவைக்குமேல் போட்டான். கடித்து உடைத்தும் பார்த்தான்; வெறும் ஓடு. அவன் காது மடல் சிவந்துகொண்டே வந்தது.

"இது வேற நத்தை, காத்தா. அதோட அடி தட்டை. வேந்தன் ஒண்ணும் பண்ணல. தெரியாமக் குடுத்தவன் நான். உங்கண்ணன் அத்தினி வாட்டி போனதுக்கு நான்தான் காரணம். அவன் இல்ல."

லீலா கையில் கரண்டியோடு நின்றாள். "அப்ப அந்தப் பையன் கையி?" என்றாள். "காத்தா, அந்தப் பையன் கையிடா?"

"சும்மா இரு அண்ணி."

"மூணு வெரல எடுத்துட்டாங்களாமேடா!"

"சும்மா இருன்னேன்!" என்று எழுந்தான். தண்ணீர் இருந்த பித்தளைச் செம்பு அவன் கைக்கு வந்தது. நான் அதைப் பார்த்தேன், நகரவில்லை. முதல் அடி என் தாடையில் விழுந்தது. வாய்க்குள் கல் உடைந்ததுபோல் பற்கள் புரண்டன. விழுந்த பிறகும் செம்பால் அடித்தான். செம்பு நசுங்கியதும் காலால் மிதித்தான். லீலா அவன் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தபடி அலறினாள். அவளையும் சுவரில் தள்ளினான்.

பிறகு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும்ணா" என்றான். "அது நெசம்னா நான் ஒண்ணும் பண்ணாதவன் கைய ஒடச்சவன். ஜெயிலுக்குப் போவேன். அதனால நெசம் இல்ல. அவன் ஈயக்காரன். வெளிய ஒரு வார்த்த வந்துச்சி, உன்னையும் முடிச்சிடுவேன், அவனையும் முடிச்சிடுவேன்."

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி போட்டு வாயைக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் பேச முடியாது, குழாயில் கஞ்சிதான் என்றார்கள். படுக்கை கிடைத்தது வேந்தனுக்கு எதிரே.

வியாழக்கிழமை காலையில் என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதி நர்ஸ் மூலம் அவனுக்கு அனுப்பினேன். சோழி வேறு இனம் என்பதையும், அவனிடம் தப்பில்லை என்பதையும், தப்பு என்னுடையது என்பதையும் எழுதியிருந்தேன். அவன் இடது கையால் தாளைப் பிடித்து இரண்டு தடவை படித்தான்.

"இப்ப எழுதுறீங்க" என்றான். "அன்னிக்கு வாய் இருந்துச்சேணா."

திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் காத்தவராயன் வந்தான். ஒரு ஆரஞ்சுப் பழத்தோடு வேந்தனின் கட்டில் காலடியில் நின்று, தோலை உரித்துக்கொண்டே நர்ஸுக்குக் கேட்காமல் எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான்.

"திங்கக்கிழம டிஸ்சார்ஜாமே. வா. லைன்ல காத்துக்கினு கீறேன். மிச்ச ரெண்டு வெரலு எதுக்குடா உனக்கு? கழுத்து எதுக்கு?"

உரித்த பழத்தை வேந்தனின் போர்வையில் வைத்தான். போகும்போது என்னைப் பார்த்துத் தன் தாடையைத் தடவிக்கொண்டான். வேந்தன் அந்தப் பழத்தை எடுத்து எறியக்கூட இல்லை. முழங்காலை மடக்கிப் போர்வையை இழுத்துக்கொண்டான். பழம் மெதுவாக உருண்டு கீழே விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை ராஜப்பா வந்தார். நான் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார். அவருக்கு வாசிக்க வராது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது.

"வால்டரு, போலீசுக்கா எழுதுற?"

தலையாட்டினேன்.

"சோழிக் கதையும் வருமா அதுல?"

தலையாட்டினேன்.

"எனக்கு இன்னும் பதினோரு மாசம்தான்பா கீது ரிட்டயர் ஆவ. மேட் உள்ள போவாம பசங்கள சோழி போட்டு அனுப்பினான்னு ஆபீசுல தெரிஞ்சா என்ன அன்னிக்கே தூக்கிடுவான். உன்னையும் தூக்குவான், நோட்டு எழுதினவன் நீ. பெரிய மனுஷனா யோசி. காத்தான நான் பேசி அடக்குறேன்."

நோட்டில் எழுதி, படித்துச் சொல்லும்படி நர்ஸிடம் கொடுத்தேன். அவள் தயங்கித் தயங்கிப் படித்தாள்: "அன்னிக்கும் நீங்க பேசித்தான் பார்த்தீங்க. கட்டில விட்டு எழுந்திருக்கல. நானும் எழுந்திருக்கல."

ராஜப்பா நர்ஸின் முன்னால் அழுதார். தூக்க முடியாத அந்தத் தோளைத் துண்டால் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

கடிதம் கோலாரில் இருக்கும் மாவட்டப் போலீஸ் அதிகாரிக்கு. தேதி, இடம், இருந்தவர்கள், அவர்கள் உட்கார்ந்த இடம், முதலில் அடித்தவன், பிடித்துக்கொண்டவன், சுத்தியலின் எடை என்று வரிசையாக எழுதினேன். அதெல்லாம் சுலபமாக வந்தது. "சட்டப்படி மேட் செய்யவேண்டிய வேலையை நாங்கள் சோழி போட்டுப் பிரித்துக்கொண்டோம்" என்ற வரியும் வந்தது. வேந்தன் என்னைச் சொல்லச் சொன்னதும் நான் சொன்னதும் வருகிற இடத்தில் பேனா நின்றது. 'தெரியாமல் சொன்னேன்' என்று எழுதினேன். அடித்தேன். 'மற்றச் சோழிகளைப் போலத்தான் இருந்தது என்று நான் சொன்னேன். அது தவறு. அதற்குப் பிறகுதான் அடித்தார்கள். அடித்தபோது நான் பேசவில்லை' என்று எழுதினேன். அதன் கீழே, திங்கள்கிழமை மே 2ஆம் தேதி வேந்தன் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது அவனைக் கொல்லப்போவதாகக் காத்தவராயன் என் கண் முன்னால் சொன்னான் என்பதை எழுதி, அதற்குமுன் நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொண்டேன். பெயர், டோக்கன் நம்பர், கையெழுத்து.

எழுதி முடித்ததைக் கட்டிலை விட்டு இறங்கி வேந்தனிடம் கொண்டுபோனேன். அவன் முழுவதும் படித்தான்.

"ஏணின்னு சொன்னேனே நான். பொய்க்கு என்னப் பிடிச்சிக்குவாங்களா?"

இல்லை என்று கை காட்டினேன். எனக்கே நிச்சயமில்லை.

"உங்க வேல போயிடும்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவன் தாள்களை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தான். "எங்கம்மா மேல கல்லு போட்டத எழுதலியே" என்றான். "அதையும் எழுதுங்க. ஏழு தையல்னு எழுதுங்க."

ஓரத்தில் எழுதினேன். கீழே இடது கையால் அவனும் கையெழுத்துப் போட்டான். சிறு பிள்ளையின் எழுத்துப்போல் 'வேந்தன்' என்று கோணலாக வந்தது.

பத்து மணிக்கு ஐடா பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். தபாலில் போட்டால் ஞாயிறு குறுக்கே வரும், திங்கள்கிழமைதான் போகும் என்றாள். "நானே எடுத்துனு போறேன். கையில குடுத்து, சீல் வெச்ச ரசீது வாங்காம வரமாட்டேன். பேசுற வேலைய நான் பாத்துக்கறேன்."

நான் தாள்களை மூன்றாக மடித்துக் கவரில் வைத்தேன். என் வாய் கம்பியில் இருந்ததால் கவரின் ஓரத்தை ஐடா எச்சிலால் நனைத்தாள். ஒட்டி, முழங்கையால் அழுத்தித் தேய்த்து, அதன் மேல் குறுக்கே நான் கையெழுத்திட்டேன். அவள் அதை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, வார்டின் பின்வாசல் வழியாகப் பத்தே முக்கால் கோலார் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.